கையில் இருக்கும் 800 போதுமா, புது மாடல் வேண்டுமா? சஃபோக் வயலில் ஒரு சோதனை

எங்கள் மெட்டல் டிடெக்டர் கிளப்பில் ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர். இங்கிலாந்தின் கிழக்குப் பக்கம், சஃபோக்கில், இரண்டு பண்ணைகளில் தேடுவதற்கு உரிமையாளர்களிடம் அனுமதி வாங்கி வைத்திருக்கிறார். கையில் இருப்பது மைன்லேப் எக்வினாக்ஸ் 800. 2018-ல் கடைக்கு வந்த புதிதில் வாங்கியது. ஆரம்பத்தில் நன்றாகவே கொடுத்தது: இடைக்கால வெள்ளிக் காசுகள், ரோமானியர் காலத்துச் செம்புக் காசுகள், பெல்ட் கொக்கிகள், துணி மூட்டைகளுக்குப் போட்ட ஈய முத்திரைகள். கடந்த சில பருவங்களாக வரத்து குறைந்துவிட்டது. போதாக்குறைக்கு, அதற்கு அடுத்து வந்த மாடலான எக்வினாக்ஸ் 900 வைத்திருக்கும் இன்னொரு உறுப்பினருக்குப் பக்கத்துப் பண்ணையில் ஒரு தங்கக் காசு கிடைத்தது. அப்புறம் என்ன, இவருக்குக் கை அரிக்கத் தொடங்கிவிட்டது.

900 வாங்குவதா, அதே கம்பெனியில் அதற்கு ஒரு படி மேலே இருக்கும் மேன்டிகோர் வாங்குவதா, இல்லை பிரான்ஸ் கம்பெனியான எக்ஸ்பியின் டியூஸ் 2 வாங்குவதா என்று கேட்டார். கவனியுங்கள், எதை வாங்குவது என்றுதான் கேட்டார். வாங்க வேண்டுமா என்ற கேள்வி அவர் மனதில் ஏற்கெனவே முடிந்துபோயிருந்தது. காசும் எடுத்து வைத்துவிட்டார். அறுவடை முடியட்டும், அதற்குள் கொஞ்சம் பார்த்துவிடலாம் என்று நானும் அந்த 900-காரரும் அவரைப் பிடித்து நிறுத்தினோம்.

முதலில் காகிதத்தில் இருப்பது. 800 மூன்று மீட்டர் ஆழத் தண்ணீர் தாங்கும், 900 ஐந்து மீட்டர். 800-ன் எடை 1.34 கிலோ, 900-ன் எடை 1.27 கிலோ, புதியதன் தண்டு கார்பன் ஃபைபர். கீழே இருப்பது என்ன உலோகம் என்று ஊகிக்க 800-ன் திரையில் வரும் டார்கெட் ஐடி எண் -9 முதல் 40 வரை, 900-ல் -19 முதல் 99 வரை. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: பல அதிர்வெண்களில் ஒரே நேரத்தில் வேலை செய்யும் முறை, அவர்கள் வைத்த பெயர் மல்டி-ஐக்யூ. ரெக்கவரி ஸ்பீட், அதாவது ஒரு சிக்னலை முடித்து அடுத்ததற்கு மெஷின் தயாராகும் வேகம், இரண்டிலும் 1 முதல் 8 வரை.

நம்மவர் ஓடைக்கரையைத் தாண்டித் தண்ணீரில் கால் வைப்பதில்லை, அதனால் ஐந்து மீட்டரால் அவருக்குப் பயன் இல்லை. 70 கிராம் எடைக் குறைவும் அப்படித்தான். மழைக்குப் பிறகு சஃபோக் களிமண் காயிலில் (தண்டின் நுனியில் தரையை ஒட்டி வீசும் தட்டு) அப்பிக்கொண்டால் அதைவிட அதிகம் கனக்கும். 99 வரை போகும் எண் கேட்க நன்றாக இருக்கிறது. அமெரிக்காவில் பூங்காக்களில் தேடுபவர்களுக்கு அது உதவவும் உதவும். அங்கே கிடைப்பது அநேகமாக ஒரே வார்ப்பில் வந்த காசுகள், குறிப்பிட்ட எண்ணுக்குக் குறிப்பிட்ட காசு என்று பழகிக்கொள்ளலாம். இங்கே வயலில் வருவது தேய்ந்தது, மடிந்தது, வெட்டப்பட்டது. எண்ணைப் பார்த்து விடலாம் என்று நினைத்தால் நல்லதையும் சேர்த்துத்தான் விடுவீர்கள். இரும்புக்கான எண்களுக்கு மேல் எது வந்தாலும் தோண்டுவதுதான் இங்கே வழக்கம்.

டியூஸ் 2 வேறு ரகம். காயிலுக்கும் ரிமோட்டுக்கும் நடுவே வயரே கிடையாது, மொத்தமாகவே முக்கால் கிலோ அளவுதான். தோள்பட்டையிலோ முழங்கையிலோ வலி இருக்கிறவர்களுக்கு, மேற்கொண்டு யோசிக்காமல் அதைக் கடையில் தூக்கிப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். இவருக்கு வலி இல்லை. மேன்டிகோரில் ஒரு சிக்கல் உண்டு: எக்வினாக்ஸ் காயில்கள் அதில் பொருந்தாது. 900-ல் 800-ன் காயில்கள் அப்படியே பொருந்தும். இந்தச் சின்ன விவரம் பின்னால் பெரிதாக உதவியது.

ஆனால் அவருடைய உண்மையான ஆசை இதில் எதுவும் இல்லை. ஆழம். "இந்த வயலில் மேலே கிடந்ததை எல்லாம் எடுத்தாகிவிட்டது, மிச்சம் எல்லாம் கீழே இருக்கிறது, இந்த மெஷினுக்கு எட்டவில்லை" என்பது அவர் கட்சி. டிடெக்டர் வைத்திருக்கிற எல்லோருக்கும் ஏதோ ஒரு கட்டத்தில் வருகிற நம்பிக்கை இது.

இதில் இயற்பியல் கொஞ்சம் கறாரானது. காயிலில் இருந்து கிளம்பும் காந்தப்புலம், காயிலின் அளவைத் தாண்டிக் கீழே போகப் போக, தூரத்தின் மூன்றாம் அடுக்கில் தேய்கிறது. அது காசைத் தொட்டதும் காசுக்குள் ஒரு சுழல் மின்னோட்டம் உண்டாகி, அது தன் பங்குக்கு ஒரு சின்னப் புலத்தைத் திருப்பி அனுப்புகிறது. அதுவும் மேலே வரும் வழியில் மூன்றாம் அடுக்கில் தேய்கிறது. போகவும் வரவும் சேர்த்தால் ஆறாம் அடுக்கு. அதாவது அதே காசை இரண்டு மடங்கு ஆழத்தில் கேட்க வேண்டுமானால் மெஷின் 64 மடங்கு நுட்பமாகக் கேட்க வேண்டும். அவ்வளவு வேண்டாம், 25 சென்டிமீட்டரில் கேட்டதை 27.5-ல் கேட்டால் போதும் என்றாலும் 1.77 மடங்கு தேவை. விரலகலம் ஆழத்துக்கு இந்த விலை. அத்தனைக்கும் மண்ணில் இருக்கும் இரும்புத் தாதுவின் இரைச்சலும் கூடவே பெரிதாகும். ஒரே கம்பெனி, ஒரே தொழில்நுட்பம், ஒரே அளவு காயில், நடுவில் ஐந்து வருடம்: இதில் பெரிய ஆழ வித்தியாசத்தை எதிர்பார்ப்பதற்கு இடமே இல்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. இந்த வயல்களில் கலப்பை புரட்டுவது சுமார் 20 முதல் 25 சென்டிமீட்டர். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உள்ள பொறுப்பான தேடலுக்கான நடைமுறை விதிகளின்படி நாம் அந்த உழுத மண்ணுக்குள்தான் வேலை செய்ய வேண்டும். அதற்குக் கீழே எதுவும் அசையாமல் கிடந்தால் நிறுத்திவிட்டுத் தொல்லியலாளர்களைக் கூப்பிட வேண்டும். ஆக, 800-க்கு எட்டாத ஆழம் பெரும்பாலும் நாம் தோண்டக் கூடாத ஆழம். இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். ஒப்புக்கொண்ட சிரிப்பா என்று தெரியவில்லை.

அப்படியானால் வரத்து ஏன் குறைந்தது? இங்கேதான் அவருடைய நோட்டுப் புத்தகம் கை கொடுத்தது. எந்த வயல், எந்த மூலை, எவ்வளவு ஆழம், என்ன கிடைத்தது என்று பென்சிலால் எழுதி வைக்கும் பழக்கம் அவருக்கு. ஒற்றைக் காசு கிடைத்தால் சட்டப்படி அது பெரும்பாலும் புதையல் கணக்கில் வராது. ஆனாலும் தொல்பொருள் பதிவுத் திட்டத்தின் மாவட்ட அலுவலரிடம் கொண்டுபோய்ப் பதிந்துவிடுவார். அதற்காக எழுதியதுதான் இந்தக் குறிப்புகள். மெஷினைப் பற்றி எந்த விளம்பரமும் சொல்லாததை அவை சொல்லின.

இரண்டாவது பண்ணையில் ஒரு பருவத்தில் இருந்து வரவே நின்றுபோயிருக்கிறது. அதே பக்கங்களில் "அலுமினியம், அலுமினியம், பிளாஸ்டிக்" என்று வரிசையாக எழுதியிருக்கிறார். விவசாயியிடம் கேட்டதில், அந்த வருடம் அங்கே கிரீன் வேஸ்ட் கொட்டியிருக்கிறார்கள். வீடுகளில் சேகரிக்கும் தோட்டக் கழிவை மக்கவைத்த உரம் அது. நல்ல உரம்தான், ஆனால் அதோடு கேன் துண்டு, ஃபாயில், பேட்டரி என்று எல்லாம் அரைபட்டு வந்து வயல் முழுக்கப் பரவிவிடும். அலுமினியமும் இரும்பு அல்லாத உலோகம், வெள்ளியும் இரும்பு அல்லாத உலோகம். அரைபட்ட அலுமினியத் துண்டையும் வெட்டுப்பட்ட வெள்ளிக் காசையும் பிரித்துச் சொல்லும் மெஷின் 800 அல்ல, 900 அல்ல, மேன்டிகோரும் அல்ல. அவர் குறை சொல்லிக்கொண்டிருந்த வறட்சியில் கணிசமான பங்கு இந்த ஒரு காரணத்திலேயே போய்விட்டது.

முதல் பண்ணைக் கதை வேறு. நல்ல பொருள்கள் எல்லாம் பழைய நடைபாதையை ஒட்டியும் வாசல் கேட்டைச் சுற்றியும் கிடைத்திருக்கின்றன, அதுவும் ஒரு சாணுக்குள். வடகிழக்கு மூலையைப் பற்றிய குறிப்பு மட்டும் எல்லா வருடமும் ஒன்றே: "இரும்பு. விட்டுவிட்டேன்." பிரிட்டனின் நில அளவைத் துறையான ஆர்டனன்ஸ் சர்வேயின் 19-ஆம் நூற்றாண்டு வரைபடத்தில் அதே மூலையில் ஒரு கட்டடம் இருக்கிறது, இன்றைக்கு அதன் தடயமே இல்லை. கட்டடம் இருந்த இடத்தில் ஆணி இருக்கும். ஆணி இருக்கும் இடத்தில் ஆட்கள் இருந்திருப்பார்கள். ஆட்கள் இருந்தால் காசு விழுந்திருக்கும். அவர் வருடக்கணக்காகச் சுற்றிப் போன இடம் அது.

இடம்தான் முக்கியம் என்பதற்கு இந்த ஊர்ப்பக்கத்திலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. 1992 நவம்பரில் இதே சஃபோக்கில், ஹாக்ஸன் கிராமத்து வயலில், விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடிக் கொடுக்கப் போனவர் எரிக் லாஸ். ஓய்வு பெற்றபோது அன்பளிப்பாக வந்த டிடெக்டர். கிடைத்தது பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட ரோமானியக் காசுகள். சுத்தியலும் கிடைத்தது, இப்போது அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்தில்தான் இருக்கிறது. 2009-ல் ஆங்கிலோ-சாக்சன் காலத்துத் தங்கப் பொருள்கள் நிறைந்த ஸ்டாஃபர்ட்ஷயர் புதையலைக் கண்டுபிடித்த டெர்ரி ஹெர்பர்ட்டின் மெஷின் இரண்டரை பவுண்டுக்கு வாங்கிய பழையது என்று அப்போது எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. இதையெல்லாம் சொல்லி மெஷினே வேண்டாம் என்று வாதாட வரவில்லை. அந்த வடகிழக்கு மூலை மாதிரி இடத்தில் மெஷினின் திறமை உண்மையாகவே முக்கியம். அதனால்தான் சோதனையை அங்கே வைத்தோம்.

சோதனைக்கு முன்னால் 800-ஐ ஆன் செய்து மென்பொருள் எந்தப் பதிப்பு என்று பார்த்தோம். வாங்கிய அன்று இருந்ததே இருந்தது! 2019-ல் வந்த புதுப்பிப்பில் எஃப்2 என்ற புது அயன் பயஸ் அமைப்பைச் சேர்த்திருந்தார்கள். வளைந்த ஆணி, தட்டை இரும்பு இவை நல்ல உலோகம் போல ஏமாற்றுவதைக் குறைப்பதற்காக வந்தது அது. இலவசம், கம்ப்யூட்டரோடு யுஎஸ்பி வயரில் இணைத்தால் போதும். புது மாடலுக்கு ஆசைப்பட்டவர் பழைய மாடலின் புது மென்பொருளை ஏற்றவே இல்லை. ஏற்றினோம். பழைய மென்பொருளோடு ஒப்பிட்டிருந்தால் 900-க்கு அநியாயமாகச் சாதகமாகியிருக்கும்.

முறை எளிது. சிக்னல் வந்த இடத்தில் சின்ன பிளாஸ்டிக் கொடி குத்துவது. இரண்டு மெஷினும் கேட்டு முடிக்கும் வரை தோண்டக் கூடாது. காசைப் புதைத்து வைத்துச் சோதிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நூற்றாண்டுக்கணக்கில் மண்ணோடும் துருவோடும் இறுகிக் கிடப்பது ஒன்று, நேற்றுக் கிளறிய குழி வேறொன்று. காற்றில் காசைக் காட்டிப் பார்ப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஒன்று ஓடும்போது மற்றதை அணைத்து வைத்தோம். பக்கத்தில் இருந்தால் ஒன்றின் இரைச்சல் மற்றதில் கேட்கும். சென்சிடிவிட்டி, அதாவது எவ்வளவு மெல்லிய சிக்னல் வரை மெஷின் கேட்கும் என்ற எண்ணை, இரண்டிலும் ஒன்றாக வைப்பதில் அர்த்தம் இல்லை, இரண்டின் அளவுகோலும் ஒன்றல்ல. இரைச்சல் தொடங்கும் வரை ஏற்றி, அங்கிருந்து ஒரு படி இறக்கினோம். யாருக்கும் சொந்த மெஷின்மேல் ஒரு பாசம் இருக்கும் என்பதால் பாதியில் மெஷின்களை மாற்றிக்கொண்டார்கள். எழுதிக்கொண்டது நான்.

திறந்த வயலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: 900 கேட்டதை 800-ம் கேட்டது. ஆழத்தில் இருந்த சிலவற்றில் 900-ன் எண் கொஞ்சம் குறைவாக ஆடியது, அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த ஆட்டத்தைப் பார்த்துத் தோண்டாமல் விட்டிருக்கும் சிக்னல் ஒன்றும் இல்லை.

மூலையில்தான் விஷயம் இருந்தது. ஒரு கொடியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். 11 அங்குலக் காயிலோடு 800: இரும்பின் உறுமல், மறுபடி உறுமல், நடுவில் நறுக்கிவிட்ட மாதிரி ஒரு உயர்ந்த ஒலி. தொண்ணூறு பாகை திரும்பி நின்று வீசினால் அந்த ஒலி காணோம். வளைந்த ஆணி இப்படித்தான் செய்யும், அனுபவசாலிகள் விட்டுவிட்டுப் போவார்கள். அதே அளவு காயிலோடு 900: ஒலி குட்டையாகத்தான் வந்தது, ஆனால் இரண்டு திசையிலும் வந்தது. "பார்த்தாயா" என்பதுபோல நம்மவர் என்னைப் பார்த்தார். நியாயம்தான், அந்த இடத்தில் புது மெஷின் ஜெயித்தது.

அப்போது 900-காரருக்கு ஒரு யோசனை. 900 வாங்கும்போது பெட்டியில் 11 அங்குலக் காயிலோடு 6 அங்குலக் காயிலும் சேர்ந்தே வரும். அதைக் கழற்றி 800-ல் மாட்டினார். அதே கொடி, அதே பழைய மெஷின். உறுமல் ஒரு பக்கம் ஒதுங்கியது, ஒலி முழுசாக வந்தது, திரும்பி நின்றாலும் வந்தது. காரணம் மந்திரம் இல்லை. பெரிய காயிலுக்குக் கீழே ஒரே நேரத்தில் இரண்டு ஆணியும் காசும் இருந்தன. சின்னக் காயில் அவற்றை ஒவ்வொன்றாகத்தான் பார்த்தது.

தோண்டினோம். வெள்ளிப் பென்னி ஒன்றின் கால் பாகம். முதலாம் எட்வர்ட் 1279-ல் தொடங்கிய நாணயச் சீர்திருத்தத்தில் வட்டமான சில்லறைக் காசு வழக்கத்துக்கு வரும் வரை, சில்லறை வேண்டுமென்றால் பென்னியைப் பின்புறச் சிலுவைக் கோட்டின் வழியே வெட்டிக்கொள்வார்கள். விசிறி மாதிரி ஒரு துண்டு, அரை கிராம்கூட இல்லை, வெட்டிய விளிம்பு இன்னும் நேராக இருந்தது. பக்கத்திலேயே இரண்டு ஆணிகள், ஒன்று குதிரை லாடத்து ஆணி. 6 அங்குலக் காயிலை 900-க்கே திருப்பி மாட்டி அந்த மூலையைச் சுற்றியபோது, அதே காயிலோடு 800 ஓடியதைவிடக் கொஞ்சம் அமைதியாக ஓடியது என்பதையும் எழுதிக்கொண்டேன். வித்தியாசம் இருக்கிறது. ஆனால் காயிலை மாற்றியதில் வந்த வித்தியாசத்துக்கு முன்னால் அது சின்னது.

பணக் கணக்கில் நின்று நேரத்தைப் போக்க வேண்டியதில்லை. 6 அங்குலக் காயிலின் விலை 900-ன் விலையில் ஐந்தில் ஒரு பங்கு அளவு. பழைய 800-ஐ விற்றுச் சமாளிக்கலாம் என்றால், புது மாடல் வந்ததும் இதே எண்ணம் எல்லோருக்கும் வந்துவிடும், செகண்ட்ஹேண்ட் விலை இறங்கிவிடும். செகண்ட்ஹேண்டில் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: மைன்லேப் பெயரில் போலிகள் சந்தையில் உண்டு. சீரியல் எண்ணும் பில்லும் இல்லாமல் தொடாதீர்கள்.

அவர் 6 அங்குலக் காயில் வாங்கினார். அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் நடுவில் கிடைத்த நாள்களில் அந்த மூலையிலேயே கிடந்தார். சின்னக் காயிலில் ஒரு வயலை முடிப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை, ஒரு வீச்சில் அகப்படும் அகலம் பாதிதான். ஆழமும் சற்றுக் குறையும். ஆனால் மூலை அளவு இடத்துக்கு அது சரி. இன்னொரு வெட்டுக் காசு, ஒரு இடைக்காலக் கொக்கி, ஒரு ஈய முத்திரை, நிறைய ஆணி. தங்கம் இல்லை. பக்கத்துப் பண்ணைத் தங்கக் காசைப் பற்றி 900-காரரே ஒரு நாள் சொன்னார்: உழுத மண்ணின் மேலடுக்கிலேயே, நான்கு விரல் ஆழத்தில் கிடந்ததாம். மிச்சப் பணத்தில் நம்மவர் எதையும் வாங்கவில்லை. கிரீன் வேஸ்ட் கொட்டிய பண்ணைக்குப் பதிலாக வேறொரு விவசாயியிடம் போய் அனுமதி கேட்டு வாங்கினார். என்னைக் கேட்டால் இந்த முழு விஷயத்திலும் அவர் செய்த பெரிய அப்கிரேட் அதுதான்.

இதே வாரங்களில் கிளப்பில் இன்னொருவருக்கு நேர் எதிரான ஆலோசனை சொன்னோம், அதையும் பதிவு செய்ய வேண்டும். அவர் தேடுவது நார்ஃபோக் கடற்கரையில். மெஷின் பழையது, ஒரே ஒரு அதிர்வெண்ணில் ஓடுவது. ஈர மணலில் இருக்கும் உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும்; ஒற்றை அதிர்வெண் மெஷினுக்கு அதுவே ஒரு உலோகம் மாதிரி தெரியும். சென்சிடிவிட்டியைக் குறைத்தால் அமைதியாகும், ஆனால் மோதிரமும் சேர்ந்தே மறைந்துவிடும். பல அதிர்வெண் மெஷின் அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு உப்பின் பங்கைக் கழித்துவிடும். இது ஒரே தலைமுறைக்குள் மாடல் எண் மாறுவது அல்ல, வேலை செய்யும் விதமே மாறுவது. அவரை வாங்கச் சொன்னோம். ஒரு எச்சரிக்கையோடு: புதிது என்பதால் பல அதிர்வெண் என்று ஆகிவிடாது. 2023-ல் வந்த மைன்லேப்பின் எக்ஸ்-டெர்ரா ப்ரோ எக்வினாக்ஸ் 800-ஐவிடப் புதிது, ஐந்து மீட்டர் தண்ணீரும் தாங்கும், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு அதிர்வெண்தான். ஈர மணலுக்கு அதைவிட ஐந்து வருடம் பழைய 800 மேல்.

நம்மவரிடம் திரும்பி வந்தால், புது மெஷின் வாசலை அவர் மூடிவிடவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று நிலைமைகளை எழுதி வைத்திருக்கிறார். 800 பழுதாகி, சரிசெய்யும் செலவு ஒரு செகண்ட்ஹேண்ட் 800 விலையில் பாதியைத் தாண்டினால் 900. தோள் வலி வந்தால் டியூஸ் 2. புதிதாக அனுமதி கிடைத்த பண்ணை முழுக்கவே அந்த மூலை மாதிரி இரும்பாக இருந்தால், 900-காரரை ஒரு நாள் முழுக்கக் கூட்டிப்போய் மறுபடி கொடி குத்திப் பார்ப்பது. மேன்டிகோர் பட்டியலில் இல்லை. புதுக் காயில் வாங்கி ஒரு பருவம்கூட ஆகவில்லை, அது மேன்டிகோரில் பொருந்தாது.